வலப்பக்கத்துக் காளை

காளைகளே ரேக்ளா பந்தயம் நடத்தி, காளைகளே ஓடி, காளைகளே மாலை போட்டுக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. மனிதர்களுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அதனால் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

அந்தக் களத்தில் வெள்ளைக் காளைகள் மட்டும்தான் ஓடலாம். காரிகள், அதாவது கறுப்புக் காளைகள், வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம். கைதட்ட வழியில்லாததால் வாலை ஆட்டிக்கொள்ளலாம். இப்படி ஒரு சட்டம் எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. ஏன் என்று கேட்டால், வண்டிக்கு இரண்டு மாடு வேண்டும், இரண்டும் ஒரே நிறமாக இருந்தால்தான் லட்சணம் என்று பந்தயக் கமிட்டி சொல்லும். அப்படியானால் இரண்டு காரிகளைச் சேர்த்துப் பூட்டலாமே என்று கேட்டால், அன்றைக்குப் பார்த்துக் கமிட்டிக்குக் காது கேட்காது.

கொண்டல் என்று ஒரு காரி இருந்தான். பந்தயம் இல்லாவிட்டால் என்ன, ஓட்டத்துக்கு யார் தடை என்று தினமும் விடியலில் வாய்க்கால் கரையில் தனியாக ஓடுவான். அதே கரையில் ஒருநாள் சங்கு வந்து சேர்ந்தான். சங்கு வெள்ளைக் காளைகளில் முதல் ஓட்டக்காரன். அவனுடைய ஜோடி கால் பிசகிப் படுத்துவிட்டதால் துணையில்லாமல் ஓடிப் பழகிக்கொண்டிருந்தான். நாலு நாள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடினார்கள். ஐந்தாம் நாள் பார்த்தால், எட்டுக் கால்களும் ஒரே தாளத்தில் விழுந்தன.

சங்கு நேராகக் கமிட்டித் தலைவர் வெண்கொம்பனிடம் போய், இந்த வருடம் கொண்டலோடுதான் ஓடுவேன் என்றான். வெண்கொம்பன் அசைபோடுவதை நிறுத்திவிட்டார். முடியவே முடியாது என்றார். அப்படியானால் நானும் ஓடவில்லை என்றான் சங்கு. சங்கு ஓடாத பந்தயத்தைப் பார்க்க ஈ எறும்புகூட வராது என்பது வெண்கொம்பனுக்குத் தெரியும்.

கடைசியில் கொண்டலைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இதபாரு தம்பி. நீ ஜெயிச்சா, இனிமே எந்த நிறத்து மாடும் இங்க ஓடலாம். தோத்துட்டா, இந்தப் பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது. ஒருத்தன் உன்னைச் சீண்டி, நீ கொம்பைத் தாழ்த்தினாலும் தோத்த கணக்குதான்."

கொண்டல் சரிங்க என்றான். வெண்கொம்பன் இன்னொன்றும் சொன்னார். கொண்டலை வண்டியின் இடப்பக்கம் பூட்ட வேண்டும். மேடை தடத்துக்கு வலப்பக்கம் இருப்பதால் சங்குவின் உடம்பு அவனை மறைத்துக்கொள்ளும், வந்திருக்கும் பெரிய மாடுகளின் கண்ணை உறுத்தாது.

பந்தயத்தன்று வேலி ஓரமெல்லாம் காரிகள். ஒன்றும் வாலை ஆட்டவில்லை. தங்கள் கன்றுகள் எல்லாம் அந்த ஒருவனின் முதுகில் ஏறி உட்கார்ந்திருப்பதுபோல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. கொண்டலுக்குப் பயம்தான், மறைப்பானேன்.

மேடையும் முடிவுக் கோடும் ஒரு கோடியில், புறப்படும் இடம் மறு கோடியில். அங்கே பூட்டும் நேரத்தில்தான் ஒரு சிக்கல் வந்தது. சங்கு பிறந்ததிலிருந்து இடப்பக்கம் ஓடிப் பழகியவன். அவனை வலப்பக்கம் பூட்டினால் வண்டி நேரே வாய்க்காலுக்குத்தான் போகும். நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்த வெண்கொம்பனுக்கு இந்தச் சின்ன விஷயம் ஞாபகமே வரவில்லை.

"மாத்தி நில்லுங்கப்பா," என்றது நுகத்தடி. "எனக்கு ரெண்டு கழுத்தும் ஒரே உயரத்துல இருந்தாப் போதும்."

மாறி நின்றார்கள். மொத்தம் ஐந்து வண்டிகள், இவர்களுடையது பின்வரிசையில். முன்னால் நின்ற காளைகள் திரும்பிப் பார்த்து, மழை வரும்போல இருக்கிறது, துணியெல்லாம் எடுத்து வையுங்கள் என்று சிரித்தன. இன்னும் பூட்டாமல் நின்ற ஒருவன் பின்னால் வந்து கொம்பு நுனியால் கொண்டலின் விலாவில் கீறினான். கொண்டலின் கழுத்து புடைத்தது. நுகத்தடி அதை உணர்ந்தது.

"கொம்புக்கு ஏத்தாதே சாமி," என்றது மெதுவாக. "காலுக்கு இறக்கு."

கொண்டல் இறக்கினான்.

கொடி விழுந்ததும் நாலு வண்டிகள் கிளப்பிய செம்மண் மொத்தமும் இவர்கள் மேல்தான் வந்து விழுந்தது. கண், காது, வாய் எல்லாம் மண். தடம் தெரியவில்லை. சங்குவின் மூச்சுச் சத்தம் மட்டும் இடப்பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தது, அதை விடாமல் பிடித்துக்கொண்டு கொண்டல் ஓடினான். ஒரு வண்டியைத் தாண்டினார்கள். இன்னொன்று. மூன்றாவதைத் தாண்டியபோது அது வண்டியா மரமா என்றுகூடத் தெரியவில்லை. கீறிய காளை கடைசியாகத் தெரிந்து, பக்கத்தில் வந்து, பின்னால் போனான்.

கோட்டைத் தாண்டி வண்டி நின்றபோது நுகத்தடியில் இரண்டு செம்மண் பொம்மைகள் மூச்சிரைத்துக்கொண்டிருந்தன. எது யார் என்று பெற்ற தாயாலும் சொல்ல முடியாது.

வெண்கொம்பன் மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்தார். வாயில் மாலை இருந்ததால் அதைக் கொம்புக்கு மாற்றிக்கொண்டு, கூட்டம் முழுவதற்கும் கேட்கும்படி பேசினார். பக்கத்து மாட்டின் நிறம் என்னவாக இருந்தால் என்ன, வண்டியை இழுத்து வந்தது வலப்பக்கத்துக் காளைதான் என்றார். அந்த நடை, அந்த மூச்சு, அந்தப் பொறுமை, இதெல்லாம் வெள்ளை ரத்தத்துக்கே உரியது என்றார். இந்தக் கழுத்துக்குப் போடாமல் வேறு எந்தக் கழுத்துக்கு இந்த மாலையைப் போடுவது என்று கேட்டார்.

பின்னால் வந்து நின்ற காளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. சங்கு சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான். வேலி ஓரத்தில் ஒரு வால் மெல்ல ஆட ஆரம்பித்தது.

வலப்பக்கத்துக் காளை ரொம்ப மரியாதையாகக் கேட்டான்:

"ஏனுங்க தலைவரே, இந்த மண்ணை இப்பவே உதறிடட்டுங்களா, இல்லை நீங்க மாலையைப் போட்டப்புறம் உதறட்டுங்களா?"