சடைச்சி எண்ணாமல் போட்ட பங்கு

அந்தக் காலத்தில், எறும்புகளும் நோய்களும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு மலையூரில் அன்று கூடியிருந்தவர்கள் இவ்வளவு பேர்: ஆண்கள் பதினொருவர், பெண்கள் பதின்மூவர், நடக்கும் பிள்ளைகள் எட்டு, தவழும் பிள்ளைகள் இரண்டு. ஆக முப்பத்து நான்கு. ஈரக் கூந்தலோடு ஓரமாக நின்றவளை யாரும் எண்ணவில்லை. அவள் காய்ச்சல்.

ஊரில் பங்கு வைப்பவள் சடைச்சி. தேன் எடுத்தாலும் மான் விழுந்தாலும் எல்லோருக்கும் சமபங்கு. பிள்ளை பிறந்தால் புற்றிலிருந்து காவல் எறும்புகளை வாங்கி, தொப்புள் வழியே உடம்புக்குள் விடுவது அவ்வூர் வழக்கம். அதிலும் அவள் கை தவறியதில்லை. ஆளுக்குக் கட்டெறும்பு நாற்பது, சுள்ளெறும்பு முப்பது, கடித்தால் விடாத முசுறு இருபது.

அன்று நண்பகலில் காய்ச்சல் முதல் குடிசைக்குள் போனாள். அங்கே மூன்று நாள் தடுமாறினாள். அடுத்த குடிசைக்கு அரை நாள்தான். பிறகு நடை வேகமானது. ஐந்தாம் நாள் பத்துப் பேர் இல்லை. சடைச்சியின் மகள் மயிலிக்கு உடம்பு இன்னும் சுடவில்லை.

இறந்தவன் ஒருவன் காதிலிருந்து ஒரு கட்டெறும்பு இறங்கி வந்தது.

"ஆத்தா, நாங்கள் எங்கெங்கே நிற்போம் என்பது காய்ச்சலுக்கு மனப்பாடம். ஒரு உடம்பில் கற்றுக்கொண்டாள். மற்றதும் அதே உடம்புதானே?"

வாசலில் நின்ற காய்ச்சல் மெல்லச் சிரித்தாள். "நல்ல கை உனக்கு, சடைச்சி. ஒன்றுகூடப் பிசகவில்லை. நாளைக்கு மயிலியிடம் வருகிறேன். வழி காட்ட வேண்டாம்."

சடைச்சி மிச்சமிருந்தவர்களைக் கூட்டினாள். எல்லோருடைய எறும்புகளையும் வெளியே அழைத்து, செத்தவர்களுடையதையும் சேர்த்து, ஒரே பானையில் கொட்டினாள். பானை மூச்சு விடுவதுபோல் விம்மி அடங்கியது.

"ம், எண்ணு" என்றான் ஊர் மூப்பன் வேம்பன்.

"எண்ணமாட்டேன், மூப்பா."

"இத்தனை வருஷம் நியாயக்காரி. மகள் என்றதும் கை நீளுகிறதோ?"

அவளுக்குச் சுருக்கென்றது. மயிலிக்கு முசுறாகவே பொறுக்கிப் போட விரல் துடித்தது உண்மை. ஆனால் காய்ச்சல் இன்னும் வாசலிலேயே நின்றாள். தான் பார்த்துப் போட்டால் அவளும் பார்த்துக்கொள்வாள்.

சடைச்சி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மகளுக்கும் மற்றவர்களுக்கும் கை போனபடி அள்ளிப் போட்டாள்.

மறுநாள் காய்ச்சல் மயிலியின் மேல் குனிந்து, வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள்.

"உள்ளே இருப்பது யார்?" அவள் குரல் முதன்முறையாக நடுங்கியது. இருந்தும் நுழைந்தாள். அவளுக்குள்ளும் மற்றவர்களுக்குள்ளும் ஒன்பது நாள் வழி தேடினாள். பத்தாம் நாள் யாரிடமும் சொல்லாமல் மலையிறங்கிப் போனாள்.

சடைச்சி மகளிடமிருந்து எண்ணத் தொடங்கினாள். மயிலி கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். ஒன்று. ஏழு பேரைக் காய்ச்சலால் தொடவே முடியவில்லை. மயிலியோடு பதினான்கு பேர் படுத்து எழுந்தார்கள். பாறைபோல் திடமாயிருந்த வேம்பனையும் சேர்த்து மூன்று பேர் எழவில்லை.

அன்று முதல்தான் ஒரே கஞ்சியைக் குடித்து, ஒரே மழையில் நனையும் இரண்டு திடமான ஆட்களுக்குள் ஒரே காவல் இருப்பதில்லை. ஒருவர் படுக்கிறார், மற்றவர் தும்மக்கூட இல்லை. காரணம் கேட்டால் பங்கு வைத்தவளுக்கே தெரியாது. அன்று கை நீட்டி வாங்கியவர்கள் இருபத்து நான்கு. மிச்சம் இருபத்தொன்று.