ஒரே டேங்க்குல மலையேறுன மாமன்

இந்தக் கதைய எனக்கு மொதல்ல சொன்னது எங்க சின்னம்மா ருக்குமணி. பெரியவன் என் வயித்துல ஏழு மாசம். காலு ரெண்டும் வீங்கிக் கெடந்தேன். ஒரு மத்தியானம் வெளக்கெண்ணெய் தேச்சுவிட்டுக்கிட்டே சொன்னாங்க. இப்ப உனக்கு நான் சொல்றேன். திருநீறு பூசிக்கிட்டியா சாமி? சரி, படு. நடுநடுவுல 'ம்' சொல்லணும். நீ நிறுத்துனா நானும் நிறுத்திருவேன்.

ஒரு ஊர்ல ஒரு பொம்பள, ஒரு ஆம்பள, ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு மோட்டார் சைக்கிள்.

பொம்பள பேரு மயிலாத்தா. அவ வீட்டுக்காரர் சென்னியப்பன். வண்டி, எந்தக் காலத்துலயோ ஒரு வெள்ளக்காரத் துரை விட்டுட்டுப் போனது. காலையில எந்திரிச்சா மனுஷன் மொதல்ல அதத் தொடைப்பாரு, அப்புறந்தான் தன் மூஞ்சியக் கழுவுவாரு. ஆனா அது குடிக்கிற பெட்ரோல் இருக்குதே, முருகா. டேங்க் நெறைய ஊத்துனாலும் எழுபது கிலோமீட்டர்தான். அப்புறம் புட்... புட்... புஸ்ஸ். நின்னுரும்.

ம் சொல்லு.

சென்னியப்பனுக்கு ஒரே தங்கச்சி, சாந்தாமணி. எண்பத்தஞ்சு கிலோமீட்டர் தள்ளி மலை மேல கட்டிக் குடுத்திருந்தாங்க. அவ புருசன் நாச்சிமுத்துக்குக் கேலி ஜாஸ்தி. "மச்சான் வண்டி, வழியில எங்க தொட்டி கண்டாலும் வாய வெக்கிற மாடு" அப்படின்னு ஒரு நா பந்தியில வெச்சுச் சொல்லிட்டாரு. இவருக்குப் பொறுக்கல. "உங்க பாப்பா காதுகுத்துக்கு ஒரே டேங்க்குல வர்றேன் பாருங்க மாப்ளே. நடுவுல ஒரு சொட்டு ஊத்துனா நான் சென்னியப்பன் இல்ல."

காதுகுத்துன்னா, கொழந்த தாய்மாமன் மடியில உக்காரணுமில்ல? சாந்தாமணிக்கு இவர விட்டா கூடப் பொறந்தவங்க வேற யாருமில்ல. பத்தரைக்குள்ள நல்ல நேரம். மாமன் வரலைன்னா வேற யாரையாவது உக்கார வெச்சுக் குத்திருவாங்க. அப்புறம் 'பொறந்த வீட்டுல நாதியில்லாதவ'ங்கற பேச்சு சாந்தாமணிக்குச் சாகுற வரைக்கும் போகாது. மயிலாத்தாளுக்கு அதுதான் நெஞ்சுல முள்ளு.

"ஏனுங்க, ஒரு பாட்டில்ல கொஞ்சம் பெட்ரோல் எடுத்துக்குவோம்"ன்னா.

"பாட்டில்ல இருந்தா அது ரெண்டாவது டேங்க். வாக்கு வாக்குதான்."

"அப்ப பஸ்ல போயிருவோம்."

"பஸ்ல எவன் வேணா போவான்."

அவ சாமி படத்தப் பாத்தா. சாமியும் ஒண்ணும் சொல்லல.

அப்புறம் என்ன பண்ணுனாரு? கனம் கொறைஞ்சா தூரம் போகும்னு ஆரம்பிச்சாரு. ஹாரனக் கழட்டுனாரு. பின்னாடி கம்பியக் கழட்டுனாரு. அவ கால் வெக்கிற கட்டையையும் கழட்டுனாரு. "என் கால எங்கீங்க வெக்கறது?" "தூக்கிப் புடிச்சுக்க." சீர்தட்டுல பதினோரு தேங்கா வெச்சிருந்தா. "மலையில தேங்கா இல்லியா?"ன்னு பத்த எறக்கி வெச்சுட்டாரு. தோடும் புதுத்துணியும் ஒத்தத் தேங்காயும் அவ மடியில. விடியக்காலம் கெளம்பியாச்சு. எட்டே கிலோமீட்டர்ல அவளுக்குத் தொடை ரெண்டும் நடுங்குது. வண்டி மட்டும் எப்பவும் குடிக்கிறதத்தான் குடிச்சுது.

அப்புறம் ரெண்டாவது. வழியில நிறுத்தி ஒரு திருகாணியத் திருகுனாரு. "பெட்ரோலக் கொறைச்சு காத்தக் கூட்டிட்டேன். பாதி காத்துலயே ஓடும் பாரு." ஓடுச்சு. டப்... டொப்... டமார். ரோட்டோரத்து ஆடெல்லாம் தெறிச்சு ஓடுது. எஞ்சினு அடுப்பாட்டம் கொதிக்குது. அப்போ ஒரு புளியமரத்தடியில முக்கா மணி நேரம் ஆற வெச்சாங்க. மயிலாத்தா வெறகு இல்லாத அடுப்பு எங்கியாச்சும் எரியுமான்னு கேட்டா. அவரு திருகாணிய மறுபடியும் பழைய எடத்துக்கே திருகுனாரு.

தூங்கிட்டியா? ம், அப்படி.

அப்புறம் மூணாவது. எறக்கம் வந்தா எஞ்சின அணைச்சுருவாரு. சொய்ய்ய்னு போகும், நல்லாத்தான் இருக்கும். மேடு வந்ததும் ஒதைக்கணும். அந்தக் காலத்து வண்டி ஒரு ஒதைக்கு எந்திரிக்குமா? தக்... தக்... தக்... பதினாலு ஒதை. ஒவ்வொரு தடவயும் அவ எறங்கி நிக்கணும், ஏறணும். நாலாவது தடவ அவ ஏறல. "நீங்க போங்க, நான் நடந்தே வர்றேன், நான்தான் மொதல்ல போய்ச் சேருவேன்"ன்னா. கெஞ்சிக் கூத்தாடி ஏத்திக்கிட்டாரு.

மலை வந்துது. ஒரு வளைவு, ரெண்டு வளைவு, ஒம்பதாவது வளைவுல... புட்... புட்... புஸ்ஸ். மணி ஒம்பதரை. சுத்தியும் காடு.

பின்னாடியே ஒரு பஸ் வந்துது. மயிலாத்தா கை காட்டி நிறுத்திட்டா.

"வாங்க, ஏறுங்க."

"வண்டிய விட்டுட்டா?"

"கொழந்த வண்டி மடியில உக்காராதுங்க."

இவரு வண்டியப் பாக்கறாரு, பஸ்ஸப் பாக்கறாரு. கண்டக்டர் விசில் ஊதிட்டாரு. பஸ் போயிருச்சு.

அவளுக்கு வந்துது பாரு ஒரு ஆத்தரம். வாழ்நாளெல்லாம் அடக்கி வெச்ச ஆத்தரம். புருசன அடிக்க முடியுமா? டேங்க்க ஓங்கி ஒரு தள்ளு தள்ளுனா. உள்ள 'களக்'ன்னுது.

"இதென்னங்க சத்தம்?"

"பெட்ரோலுதான்."

"பெட்ரோல் இருக்குதா?"

"எடப்பக்கம் எப்பவும் கொஞ்சம் நிக்கும். டேங்க்கு, கழுத மேல பொதி போட்டாப்ல ரெண்டு பக்கமும் தொங்குதில்ல? குழாய் வலப்பக்கம் மட்டுந்தான். நடுவுல மேடு. இது அங்க போகாது. இத்தன வருசமா அப்படித்தான்."

மயிலாத்தா டேங்க்க இன்னொரு தடவ தட்டிப் பாத்தா. அப்புறம் மெதுவாக் கேட்டா, "ஏனுங்க, நம்மூட்டு எண்ணெ டின்னுல அடியில கெடக்கறத நான் எப்படி எடுக்கறேன்?"

"சாய்ச்சு."

சொல்லி முடிச்ச பொறகுதான் அவருக்கே கேட்டுது.

ரெண்டு பேருமாப் புடிச்சாங்க. அவ்வளவு கனமான வண்டி. அவ சேலைய இழுத்துச் செருகிக்கிட்டு, "சென்னிமல ஆண்டவா"ன்னு ஒரு மூச்சு, அவரு ஒரு மூச்சு. வலப்பக்கமாச் சாய்க்க, களக்... களக்... களகளகளன்னு மேடு தாண்டி அந்தப் பக்கம் எறங்குது பெட்ரோலு. நிமித்தி ஒதைச்சாரு. தக்... தக்... டுபுடுபுடுபு.

மிச்ச வளைவையெல்லாம் எங்கியும் நிக்காம ஏறுனாங்க.

காதுகுத்து நடக்கற கோயில் வாசல்ல போய் நிக்கறப்போ மணி பத்து இருவத்தஞ்சு. உள்ள யாரோ ஒரு பங்காளி மடியில கொழந்தய வெச்சாச்சு. ஆசாரி ஊசிய எடுத்தாச்சு. சாந்தாமணி சுவத்தப் பாத்துக்கிட்டு நிக்கறா, கண்ணு ரெண்டும் செவந்து கெடக்குது.

"மாமன் வந்தாச்சுங்க, எந்திரிங்க"ன்னு மயிலாத்தா சொன்ன சொல்லுல அந்தப் பங்காளி தன்னால எந்திரிச்சுட்டாரு. கையெல்லாம் கிரீசு, சட்டையெல்லாம் கரி. அப்படியே உக்காந்தாரு சென்னியப்பன். கொழந்த மடிக்கு மாறுச்சு. நறுக். வீல்ல்ல். அடுத்த காது. வீல்ல்ல். சாந்தாமணி அண்ணியோட கையப் புடிச்சவ விடவே இல்ல.

கொழந்த அழுக கொஞ்சம் அடங்குனதும் நாச்சிமுத்து குனிஞ்சு கேட்டாரு, "என்ன மச்சான், ஒரே டேங்க்கா?"

சென்னியப்பன் வாயத் தொறந்தாரு. மயிலாத்தாளப் பாத்தாரு. வாய மூடிக்கிட்டாரு. "அவளக் கேளுங்க மாப்ளே."

"ஒரே டேங்க்தானுங்கண்ணா"ன்னா அவ. "பாதி அவரு ஓட்டுனாரு. பாதிய நான் சாய்ச்சேன். போறப்போ நான் பஸ்ல போறேன்."

அவ்வளவுதான் சாமி. வண்டியும் ஓஞ்சுது, கதையும் ஓஞ்சுது, கண்ண மூடு. அதுக்கு முன்னால அந்தத் தலகாணிய மட்டும் கொஞ்சம் இங்க தள்ளு, எனக்குக் கழுத்து வலிக்குது.