மரமீன் ஓசையும் மெழுகு அடைத்த காதும்

மழை பொய்த்துப்போன ஒரு காட்டில் ஒரே ஒரு குளம் மிச்சமிருந்தது. அதன் கரையில் ஒரு பழைய புத்த விகாரை. அங்கே வயதான பிக்கு ஒருவர் தனியாக வாழ்ந்துவந்தார். குழந்தைகளே, சிரிப்பதற்குக் கதை வேண்டுமென்றால் வேறு யாரிடமாவது கேளுங்கள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

பிக்குவிடம் மரத்தைக் குடைந்து செய்த மீன் ஒன்று இருந்தது. உருண்டை வயிறு, உள்ளே வெறும் காற்று. தினமும் காலையில் அதை முன்னால் வைத்து, ஒரு சிறிய கோலால் தட்டுவார்.

டொக்... டொக்... டொக்...

ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே ஒரு மூச்சு விடலாம். அவசரமே கிடையாது. கூடவே அடித்தொண்டையில் மந்திரம் ஓதுவார். கண்ணை மூடினார் என்றால் ஓதி முடிக்கும்வரை திறக்க மாட்டார்.

அந்த ஓசை எழுந்ததும் காடே தளர்ந்து உட்காரும். காட்டுப்பன்றிகள் பாதிச் சண்டையில் முறைப்பதை விட்டுவிட்டு வேரைத் தோண்டப் போகும். குட்டியை இழந்த குரங்கு அழுகையை நிறுத்திவிட்டுத் தன் வாலைத் தடவிக்கொண்டிருக்கும். எல்லோரையும்விட அதிகமாக மாறியது சிறுத்தைதான்.

அந்தச் சிறுத்தை சிடுமூஞ்சி. இலை விழுந்தால் கோபம், ஈ பறந்தால் கோபம், தன் நிழலைப் பார்த்தாலும் ஓர் உறுமல். ஆனால் மரமீன் ஒலித்ததும் குளக்கரையில் வந்து படுத்துவிடும். கண் பாதி மூடிவிடும். பசி இருக்கும். ஆனால் பசியோடு வரும் கோபம் இருக்காது.

இதைப் பார்த்துத்தான் மான்கள் தண்ணீர் குடிக்க வரத் தொடங்கின. முதலில் தயங்கின, பிறகு பழகிவிட்டன. ஓசை நின்ற பிறகும், கடைசி மான் மேட்டைத் தாண்டும்வரை சிறுத்தை எழுந்திருக்காது. இப்படித்தான் நடக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. அந்த ஓசை போட்ட ஒழுங்கு அது.

மான்களில் ஒரு தாய்மான் இருந்தது. அதற்குப் போன கோடையில் பிறந்த இரண்டு குட்டிகள் தாகத்தால் செத்துப்போயின. இந்தக் கோடையில் ஒரே ஒரு குட்டி. அதையாவது மழைவரை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தாய்மானுக்கு வேறு ஆசையே இல்லை.

எச்சில் எலும்பை நம்பிப் பிழைத்த கழுதைப்புலி ஒன்றும் அந்தக் காட்டில் இருந்தது. ஒரு நாள் அது சிறுத்தையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"என்ன அண்ணே, விலா எலும்பெல்லாம் வெளியே தெரியுதே?"

"தெரிஞ்சா தெரியட்டும். உனக்கென்ன?"

"உங்களுக்குப் பசிச்சா எனக்கும் பட்டினிதானே அண்ணே. தினமும் உங்க மூக்குக்கு நேரா மான் தண்ணி குடிக்குது. நீங்க என்னடான்னா தூங்கி வழியறீங்க."

"நான் என்ன செய்யட்டும்?" என்று சிறுத்தை முனகியது. "அந்தச் சத்தத்தைக் கேட்டா நகம் தானா உள்ளே போயிடுது. நாள் முழுக்க மண்டைக்குள்ள ஏதோ கொதிச்சுக்கிட்டே இருக்கு. அந்த நேரம் ஒண்ணுதான் எனக்கு நிம்மதி."

"நிம்மதியைக் கடிச்சுத் தின்ன முடியுமா?"

அதற்குச் சிறுத்தையின் வயிறுதான் உறுமியது.

கழுதைப்புலி இன்னும் நெருங்கி வந்தது. "கேட்டாத்தானே அண்ணே, நகம் உள்ளே போகும்?"

சிறுத்தை திரும்பிப் பார்த்தது.

"கீழே ஒரு தேனடை விழுந்து கிடக்கு. அந்த மெழுகைக் களிமண்ணோடு பிசைஞ்சு உங்க காதுல வைக்கறேன். பிக்கு தட்டுவார், மான் வரும். உங்களுக்கு ஒண்ணும் கேக்காது. அவ்வளவுதான்."

"ஒரு நாளைக்கு மட்டும்தானே?"

"ஒரே ஒரு நாள். சாப்பிட்டு முடிச்சதும் நானே எடுத்து விட்டுடறேன்."

மறுநாள் காலை பிக்கு கண்ணை மூடினார், கோலை எடுத்தார். டொக்... டொக்... மேட்டின் மேல் மான்களின் காதுகள் நிமிர்ந்தன. ஒவ்வொன்றாக இறங்கி வந்தன.

வழக்கமான இடத்தில் சிறுத்தை படுத்திருந்தது. குட்டிமான் கரையில் காலை வைத்துவிட்டு நின்றது.

"அம்மா, அங்க படுத்திருக்கிற பெரியவர் இன்னிக்கு ஏன் கண்ணை மூடலை?"

தாய்மானும் பார்த்தது. எடுத்த காலைப் பின்னால் வைத்தது. ஆனால் மரமீன் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. மந்திரமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஓசை இருக்கும்போது ஆபத்து வந்ததே இல்லை.

"சத்தம் கேக்குதில்ல, கண்ணு? பயப்படாம குடி."

குட்டி குனிந்து தண்ணீரில் வாயை வைத்தது.

அதற்கு மேல் அந்தக் குட்டி நிமிரவே இல்லை. சிறுத்தை பாய்ந்தது, மான்கள் சிதறின. தாய்மான் மேட்டின் மேல் நின்று கதறியது. சிறுத்தைக்கு அது கேட்கவில்லை. ஓதுவதில் மூழ்கியிருந்த பிக்குவுக்கும் கேட்கவில்லை. டொக்... டொக்... என்று மரமீன் அதே நிதானத்தோடு ஒலித்துக்கொண்டே இருந்தது.

ஓதி முடித்துப் பிக்கு கண்ணைத் திறந்தபோது கரையில் யாரும் இல்லை. தண்ணீர் ஓரத்தில் ஒரு சிவப்புக் கறை மட்டும் இருந்தது; அது அவர் கண்ணில் படவில்லை.

புதருக்குப் பின்னால் சிறுத்தை வயிறாரத் தின்றது. பிறகு கழுதைப்புலியின் முன் தலையைத் தாழ்த்தியது. "எடுத்து விடு."

கழுதைப்புலி காதுக்குள் நகத்தை விட்டுப் பார்த்தது. உச்சி வெயிலில் மெழுகு இளகிக் காதின் அடிவரை இறங்கியிருந்தது. கிளறக் கிளற இன்னும் உள்ளே போனது. சிறுத்தை தானே குடைந்தது, மரத்தில் தேய்த்தது, குளத்தில் தலையை முக்கியது. காதிலிருந்து ரத்தம் வந்தது. மெழுகு வரவில்லை.

"தானா வந்துடும் அண்ணே" என்றது கழுதைப்புலி, எலும்பைக் கடித்தபடி.

சிறுத்தை அதன் வாய் அசைவதை மட்டும் பார்த்தது.

அடுத்த நாள் மரமீன் ஒலித்தது. ஒரு மானும் வரவில்லை. பிக்கு வழக்கத்தைவிட நெடுநேரம் தட்டினார். பன்றிகளும் வரவில்லை, குரங்குகளும் வரவில்லை. மேட்டுக்கு அப்பால் நின்ற தாய்மானின் கால்கள் மட்டும் பழக்கத்தில் தண்ணீர்ப் பக்கம் இரண்டடி வைத்தன. அடுத்த தட்டு கேட்டதும் அது திரும்பி ஓடியது. முன்பு எந்த ஓசை அதை ஆற்றியதோ, அதே ஓசை இப்போது அதைத் துரத்தியது.

மான்கூட்டம் வறண்ட ஆற்றுமணலில் வேறு தண்ணீர் தேடிப் புறப்பட்டது. வழியில் ஒவ்வொன்றாக விழுந்தன. தாய்மான் எந்த இடத்தில் விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு குட்டிமானை வைத்து எத்தனை நாள் பிழைக்க முடியும்? மிச்ச எலும்பும் தீர்ந்ததும் கழுதைப்புலி சொல்லாமல் கொள்ளாமல் வேறு காட்டுக்குப் போய்விட்டது.

சிறுத்தை மட்டும் தங்கியது. பசியைவிட, மண்டைக்குள் கொதித்துக்கொண்டே இருந்த அந்தக் கொதிப்பைத்தான் அதனால் தாங்க முடியவில்லை. தினமும் காலையில் விகாரை வாசலுக்கு வந்து படுத்தது. பிக்குவின் கோல் எழுவதையும் விழுவதையும் கண்கொட்டாமல் பார்த்தது. கோல் விழும்போதெல்லாம் அதன் வால் வெடுக்கென்று அசைந்தது. நீட்டிய நகம் நீட்டியபடியே இருந்தது.

ஒரு நாள் பிக்கு ஓதி முடித்துக் கண்ணைத் திறந்தார். வாசலில் அதைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"எல்லாரும் என்னை விட்டுப் போய்ட்டாங்க. இதைக் கேக்க நீயாவது வந்தியே அப்பா" என்றார்.

சிறுத்தைக்கு அதுவும் கேட்கவில்லை.

நீதி: பிறரைக் கெடுப்பதற்காக நல்லோசைக்குக் காதை அடைத்துக்கொண்டவன், பிறகு தன் நிம்மதிக்காக ஏங்கினாலும் அந்த ஓசை அவன் காதில் விழாது.