சீடர் பிடித்த கெளுத்தி

எங்கள் சந்தனத்துறைக்கு ஆவி அழைக்கும் பண்டிதர் ஒருவர் வந்தார். கலிலேயாக் கடலில் வலை வீசிய இயேசுவின் சீடர் ஒருவர் தம் உடம்பில் இறங்கி, வேதத்தில் எழுதாத சரித்திரத்தைச் சொல்கிறார் என்றார்.

மாதா கோயில் மண்டபத்தில் ஊர் கூடியது. பண்டிதர் கண்ணை மூடி உறுமினார்: "முதல் சபையில் படகு வைத்திருந்தவர்கள் உள்ளே உட்கார்ந்தார்கள். கூலிகள் வெளியே நின்றார்கள். கண்ணால் கண்டேன்!"

படகு முதலாளிகளுக்குப் பரம சந்தோஷம். ஞாயிறு பூசைக்கு இனிக் கூலிகள் வெளியே என்று அங்கேயே தீர்மானித்தார்கள். பண்டிதருக்கு மூன்று வேளையும் யார் வீட்டில் சாப்பாடு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மீன் சுமக்கும் செலஸ்தீனாள் வாசலில் வைத்திருந்த கூடையைத் தூக்கி வந்தாள்.

"சாமி, நீங்க எங்க தொழில்காரரா! இந்த உயிர் மீனை உங்க கையால எடுத்து ஆசீர்வதிச்சுக் குடுங்க. நாங்களே வெளியே போயிடுறோம்."

பண்டிதர் கம்பீரமாகக் கைவிட்டு, துள்ளிய கெளுத்தியை முதுகோடு இறுக்கிப் பிடித்தார். முதுகு முள் உள்ளங்கையில் ஏறியது.

"ஐயோ அம்மா! செத்தேன்!"

கெளுத்தியை எங்கே பிடிக்கக் கூடாது என்று எங்கள் ஊரில் தவழும் பிள்ளைக்கும் தெரியும். மண்டபமே குலுங்கிச் சிரித்தது. முதலாளிகளும் கடற்கரையில் பிறந்தவர்கள்தானே, அவர்களாலும் அடக்க முடியவில்லை.

முள் குத்திய கடுப்பு இறங்க, செலஸ்தீனாள் அவர் கைக்குச் சுடுதண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். பிறகு முன்வரிசையில் சாவகாசமாக உட்கார்ந்து கேட்டாள்:

"சாமி, அப்போ கலிலேயாவுல உங்களுக்கு மீன் பிடிச்சுக் குடுத்தது யாரு? வெளியே நின்ன எங்க ஆளுங்கதானே?"