ஆமா விழாத வரி

"என் கதைக்கு ஏன் ஆமா போடலை, அண்ணாவியம்மா?"

விடிந்ததும் விடியாததுமாய் வந்து நின்ற பலவேசத்துக்குக் கோபத்தில் மூக்கு விடைத்தது. கையில் மண்ணெண்ணெய் கேன்.

செல்லக்கனி வயதில் அவருக்கு இளையவர்தான். ஆனால் அவருக்கு வில்லுப்பாட்டு சொல்லிக்கொடுத்த அண்ணாவி, குரு.

"உட்காருங்க அண்ணாச்சி."

"உட்காரவா வந்தேன்?"

கோபம் வராமல் என்ன செய்யும்? வில்லுப்பாட்டில் ஒருவர் வரி சொன்னால் பக்கத்தில் இருப்பவர் ஆமா போடணும். அது விழாவிட்டால் அடுத்த வரி நகராது. நேற்று அம்மன் கோயில் கொடை விழாவில் பலவேசம் தானே கட்டிய கதையைப் பாடினார். பெண்டாட்டி பிள்ளையைக் கொன்ற வணிகன்மேல் வஞ்சம் வைத்து, அவன் கப்பல்களைத் தேடித்தேடிக் கொளுத்தும் கடற்கொள்ளையன் காளிங்கன் கதை. கப்பல் எரிந்ததும் கூட்டம் விசிலடித்தது. ஆமா போட உட்கார்ந்த குருவோ அடுத்த வரிக்கு வாயே திறக்கவில்லை. ஊர் பார்க்கப் பலவேசம் திணறிப்போனார்.

"என் மானம் கப்பலேறிப் போச்சு! காளிங்கன் செஞ்சது தப்பா?"

"தப்புன்னு சொன்னேனா?"

"சரின்னும் சொல்லலையே! என் தம்பி தவசியை ஓட்டைத் தோணியில ஏத்தி அனுப்பிக் கொன்னான்லா அந்த முதலாளி? கேட்க நாதியில்லை. இப்போ புதுத் தோணிக்கு மாலை போட்டு, ஆளும் ஏத்தித் துறையில நிப்பாட்டியிருக்கான். அதைக் கொளுத்தாம விட்டா நான் மனுசனா?"

"கேன் அதுக்கா?"

"அதுக்குத்தான். தடுக்காதீங்க."

"தடுக்கலை. நேத்து நின்ன இடத்தைப் பாடிட்டுப் போங்க. ஆமா போடுறேன்."

பலவேசம் கேனைக் கீழே வைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு பாடினார்.

"காளிங்கன் தீவட்டியை வீசினானே..."

"ஆமா."

"பாய்மரம் பத்திக்கிட்டு எரிஞ்சதுவே..."

"ஆமா."

"எதிரி கப்பல் ஆளோட முங்கினதே..."

குரு பேசாமல் இருந்தார்.

"பாத்தீங்களா! அதே இடம்!" பலவேசம் கத்தினார். "வேணும்னே செய்யுறீங்க!"

"எதிரி அந்தக் கப்பல்ல இருந்தானா?"

"அவன் அரண்மனை மாதிரி வீட்டுல இருந்தான்."

"அப்போ முங்கினது யாரு?"

"பாய் இழுக்கிறவன், சோறு பொங்குற பண்டாரி... எவனாவது இருந்திருப்பான்."

"பண்டாரி பேரு என்ன?"

"நல்ல கூத்தா இருக்கே! சோறு பொங்குறவனுக்கெல்லாம் கதையில எவன் பேரு வைப்பான்?"

"உங்க தம்பி தோணியில என்ன வேலை பார்த்தாரு, அண்ணாச்சி?"

பலவேசம் கீழே இருந்த கேனைப் பார்த்தார்.

"பண்டாரி."

"ஆமா" என்றார் குரு.