மேட்டில் தெரிந்த தலை

"ஊர் உலகமெல்லாம் விற்கிறது, அம்மா. நான் மட்டும் வேண்டாம் என்று எப்படிச் சொல்ல?"

கேட்டவர் அமைச்சர் பெருஞ்சாத்தனார். தலை நரைத்த மனிதர். குரு வெண்ணியம்மைக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஞானத்துக்கு வயதா பார்க்கிறார்கள்?

அமைச்சர் நாடு நாடாகச் சுற்றி வந்திருந்தார். ஓரிடத்தில் அரசனின் உப்பளத்தை விற்றார்கள், கஜானா நிரம்பியது. இன்னோரிடத்தில் அஞ்சல் குதிரைகளை விற்றார்கள், ஓலைகள் வேகமாகப் போய்ச் சேர்ந்தன. வேறோரிடத்தில் சாலையை விற்றுவிட்டு, வயிற்றெரிச்சலோடு திரும்ப வாங்கினார்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் மனிதருக்கு ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால்தான்.

இங்கே விலைக்குக் கேட்டது அரசாங்கப் படகுத்துறையை. கேட்டவர் வணிகர் நாகனார். நாணயமானவர், புதுப் படகு விடுவதாகச் சொன்னவர். நாளைக் காலை சபையில் அமைச்சர் சொல்வதுதான் முடிவு.



"நானும் அக்கரைக்கு வருகிறேன், வாருங்கள்" என்று வெண்ணியம்மை எழுந்தாள்.

நடந்தாளா? ஊர்ந்தாள். காலில் முள் என்று உட்கார்ந்தாள். ஆடு மேய்க்கிறவளிடம் நின்று நலம் விசாரித்தாள். அமைச்சர் நாலடி முன்னால் போய்ப் போய்த் திரும்பிப் பார்த்தார். கடைசிப் படகை விட்டால் நாளை அக்கரையில் சபைக்குப் போய்ச் சேர முடியாது.

மேட்டில் ஏறியதும் படகு தெரிந்தது. ஆட்கள் நிறைந்திருந்தார்கள். படகோட்டி துடுப்பைக் கையில் எடுத்துவிட்டான்.

போச்சு, என்று நினைத்தார்.

படகு போகவில்லை. அவர்கள் இறங்கி வரும்வரை அப்படியே நின்றது. யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒருத்தி கூடையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு இடம் விட்டாள்.

அமைச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீ நல்லா இருக்கணும், அப்பா. எல்லாரும் நல்லா இருக்கணும்" என்றார் படகோட்டியிடம். "நான் யாரென்று தெரிந்தா நிறுத்தினாய்?"

"தெரியாதுங்க. மேட்டுல ஒரு தலை தெரிஞ்சா படகு நிக்கணும். இந்தத் துறை வழக்கம்."

படகின் முன்பக்கம் உட்கார்ந்திருந்த நாகனார் அப்போதுதான் அவரை அடையாளம் கண்டு, பதறி எழுந்து கும்பிட்டார்.

அமைச்சர் அவரிடமே கேட்டார்.

"துறை உங்கள் கைக்கு வந்தால், படகு இப்படி நிற்குமா?"

"என்ன ஐயா இப்படிக் கேட்டுவிட்டீர்கள்? அமைச்சர் உங்களுக்கு நிற்காமலா?"

அமைச்சர் திரும்பி, வெண்ணியம்மையைக் கைகூப்பி வணங்கினார்.