ஊதா வளையம்

தாலுகா ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் தவசிமுத்து தொழில் பழக வந்து பதினோரு மாதம் ஆகிறது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் கற்றுக்கொடுக்கும் அங்கயற்கண்ணி பன்னிரண்டு வயது இளையவள். "அண்ணே" என்றுதான் கூப்பிடுவாள். பிழை செய்தால் அந்த அண்ணேவுக்குச் சலுகை கிடையாது.

அன்று காலை அவள் வெளியே போய் ஒரு சிறுநீர்ப் புட்டியோடு திரும்பி வந்ததும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வராந்தாவில கிடக்கானே, அவனோடதா? நான் தாண்டி வரும்போதே மூச்சு குப்புனு அடிச்சுது மேடம். விடியுமுன்னே ஊத்திக்கிட்டு வந்திருக்கான். இவனுக்கெல்லாம் டெஸ்ட் ஒரு கேடா?"

வெளியே அந்த ஆளின் மனைவி பேச்சி, வாட்ச்மேனோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

"சர்க்கரை வியாதிக்காரருய்யா! சொட்டு கூடத் தொட்டதில்ல. அம்பது நிமிசமா வெளியில போட்டு வச்சிருக்கியே, நீ மனுசனா?"

"எல்லாப் பொண்டாட்டியும் இதத்தாம்மா சொல்லும்."

அங்கயற்கண்ணி புட்டியை மேசைமேல் வைத்தாள். "போடுங்கண்ணே."

அவர் முனகிக்கொண்டே போட்டார். சிறுநீரில் அமோனியம் சல்பேட் உப்பைக் கரைத்தார். நைட்ரோபுருசைடு ஒரு சிட்டிகை. பிறகு குழாயின் சுவரோரமாக அமோனியா. இரண்டு நீரும் சந்தித்த இடத்தில் ஊதா வளையம் எழுந்தது.

"கீட்டோன்!" என்றார்.

அவள் அதற்குள் டாக்டரிடம் ஓடியிருந்தாள். ஏழாவது நிமிடம் அந்த ஆள் கட்டிலில் இருந்தார், இன்சுலின் ஏறியது.

"பிழைச்சுக்குவாரு. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா என் கையில இல்ல" என்றார் டாக்டர்.

ஆய்வகத்துக்குத் திரும்பியும் தவசிமுத்துவுக்கு ஆறவில்லை.

"அப்ப அந்த வாடை சாராயமில்லையா மேடம்?"

"அசிட்டோன். நீங்க பார்த்த கீட்டோன்ல அதுவும் ஒண்ணு. கார்பனுக்கு நாலு கைண்ணே. சாராயத்துல ஆக்சிஜனை ஒரு கையால பிடிச்சிருக்கும். அசிட்டோன்ல நடுக் கார்பன் ரெண்டு கையால இறுக்கிப் பிடிச்சிருக்கும். மத்த ரெண்டு கையில பக்கத்துக்கு ஒரு கார்பன். உடம்பு சர்க்கரையை எரிக்க முடியாம கொழுப்பை எரிச்சா, அசிட்டோன் உண்டாகி மூச்சில ஏறி வரும்."

அவர் மேசையில் ஓங்கிக் குத்தினார்.

"அந்த வாசனை தெரியாம ஒரு உசிரை வெளியில போட்டிருக்கானே! வாட்ச்மேன் மேல இன்னைக்கே எழுதிக் கொடுக்கிறேன். மூக்குன்னு ஒண்ணு இருக்குல்ல அவனுக்கு?"

அங்கயற்கண்ணி அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். பெயர்ச் சீட்டை உள்ளங்கையால் மறைத்து, மூடியைத் திறந்து அவர் முன் நீட்டினாள்.

"இது என்ன?"

"அசிட்டோன். கண்ணைக் கட்டினாலும் சொல்லுவேன். சிலைடுல சாயம் போக்க இதைத்தானே ஊத்தறோம்? தினம் முப்பது சிலைடு."

அவள் மூடியைத் திருகி மூடினாள்.

"அந்த வாட்ச்மேன் இதை ஒரு நாளும் மோந்து பார்த்ததில்லண்ணே."